புதன்கிழமை சார்

காதுல இருக்கறதை எடுக்க வேண்டாங்கண்ணு. ஒரு காதுல மட்டும் கழட்டிட்டா போதும், இன்னொண்ணுல நீ பாட்டைக் கேட்டுட்டே வா. நான் பேசறது தொந்தரவா இருந்தா சொல்லிரு, நிறுத்திக்கிறேன். முப்பத்தோரு வருசம் கார்ப்பரேசன் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவ நான். உக்கடத்துல பஸ் ஏறி உடுமலை வரைக்கும் வாயை மூடிட்டு வரோணும்னா தொண்டை அடைச்சுக்கும்.

அதைக் கொஞ்சம் காட்டு பார்க்கட்டும். ம். இது பரவாயில்ல. பாடறவங்க குரல் இதுல மூக்கடைச்ச மாதிரி வராது. எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கறியா? எனக்கு அதெல்லாம் தெரியும் கண்ணு. ஒம்பது மாசம், வாரம் ஒருக்கா, பாட்டுப் பெட்டி விக்கற கடையில போயி உட்கார்ந்திருக்கேன். சும்மா கடை இல்ல. ஆள் உசரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி நிக்க வெச்சிருப்பாங்களே, ரேஸ்கோர்ஸ் பக்கம், அந்த மாதிரிக் கடை. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் வாங்கல. இனி அங்க போகவும் முடியாது. எல்லாத்துக்கும் காரணம் கடைக்காரங்க கேட்ட ஒரே ஒரு கேள்வி. அதை நெனச்சா எனக்கு இப்பவும் ஆத்தாமையா இருக்கு.

வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு வருசம் திரும்புது, அதுக்குத்தான் மக வீட்டுக்குப் போறேன். வெள்ளியங்கிரின்னு பேரு. எங்க காலத்துப் பொம்பளைங்க புருசன் பேரைச் சொல்ல மாட்டாங்க, நான் அட்டெண்டன்ஸ் எடுத்துப் பழகினவ, சொல்லிருவேன். மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தாரு. போன ஆனியில தவறிட்டாரு. மூஞ்சியை அப்படி வெச்சுக்காத கண்ணு, எனக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு ஒண்ணும் ஆகலைங்கறதுதான் எல்லாருக்கும் குறையே.

மத்தியானம் சாப்பிட்டுட்டு சுவத்தைப் பார்த்துப் படுத்தாரு. நாலு மணிக்கு டீ கொண்டு போனேன். டீன்னேன். எந்திரிக்கல. மறுபடியும் டீன்னேன். மூணாவது தடவை கொஞ்சம் கோபமாவே சொன்னேன், ஆறிப்போகுதுன்னு. பொறகுதான் தொட்டுப் பார்த்தேன். டாக்டர் வந்து, தூக்கத்துலயே போயிட்டாரு, குடுத்து வெச்ச சாவுன்னு சொன்னாரு. நான் அந்த டீயைக் கொண்டு போயி ஊத்திட்டு, டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு, அப்புறம்தான் மகளுக்குப் போன் பண்ணேன். டம்ளர் கழுவினதை ஒருக்கா அவகிட்டச் சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

அழுகை வரல. வரலைன்னா வரல, என்ன பண்றது. நாத்தனாருக ரெண்டு பேரும் எனக்கு நேரா உட்கார்ந்து மாரடிச்சு ஒப்பாரி வெச்சாங்க, நானும் கூடச் சேர்ந்துக்குவேன்னு. நான் வந்தவங்களுக்கெல்லாம் மோர் போச்சான்னு பார்த்துட்டு இருந்தேன். டீச்சருக்குக் கல்லு நெஞ்சுன்னு பெரிய நாத்தனா எம்பட காதுபடவே சொன்னா. அது போகட்டும். எம்மக பிரபாவதி, பதினாறு முடிஞ்சு கார்ல ஏறப்போறப்ப என்னைத் தனியா கூப்பிட்டு, "அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கூட நீ விடலையேம்மா"ன்னா. சத்தமா இல்ல, மெதுவா. அன்னைக்கு இருந்து போன்ல ரெண்டே கேள்விதான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. முன்னெல்லாம் அரை மணி நேரம் பேசுவா.

அவரு கெட்ட மனுசன் இல்ல, அதையும் சொல்லிரோணும். குடி கிடையாது, கை நீட்டினதில்ல. நீ நூல் மில்லுக்குள்ள போயிருக்கியா? உள்ள போனா பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது. அந்தச் சத்தத்துலயே பகலெல்லாம் இருந்துட்டு வீட்டுக்கு வர்ற மனுசனுக்கு வீட்டுல ஒரு சத்தம் ஆகாது. அவரு வர்றதுக்கு முன்னாடியே மிக்சியை ஓட்டி வெச்சிரோணும். ரேடியோவுல செய்தி மட்டும். டிவி வந்த பொறகும் சத்தத்தை ஒண்ணு, ரெண்டுலதான் வெப்பாரு, படம் பார்க்கறதுதான், கேக்கறது இல்ல. ரிட்டயர் ஆயி பதினாலு வருசம் ஆச்சு, மில்லே மூடி அங்க அபார்ட்மெண்டு கட்டிட்டாங்க, வீட்டுல மட்டும் அந்தச் சட்டம் மாறல. நானும் மாத்துங்கன்னு கேக்கல. முப்பத்தெட்டு வருசம் பள்ளிக்கூடத்துல கத்திட்டு வீட்டுல வந்து வாயை மூடிக்கறது எனக்கும் பழகிருச்சு. முப்பத்தோரு வருசம்தான் பள்ளிக்கூடம். முப்பத்தெட்டுங்கறது கல்யாணம் ஆன கணக்கு.

நாப்பது நாள் கழிச்சு எனக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கோணும்னு தோணுச்சு. நல்லதா. துக்கம் தணியறதுக்கெல்லாம் இல்ல, துக்கம் இருந்தாத்தானே தணியறதுக்கு. வீடு சும்மா கெடந்துச்சு, வாங்கலாம்னு பட்டுச்சு, அவ்வளவுதான். பென்சன் வருது, ஆருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல.

மொத கடை கிராஸ்கட் ரோட்டுல. உள்ள போன உடனே ஒரு பையன், "சார் வரலீங்களா"ன்னான். இல்லைங்கன்னேன். உடனே என்னை ஓரத்துல ஒரு அலமாரிக்குக் கூட்டிட்டுப் போயி, சுரைக்காய் அளவுல ஒண்ணை எடுத்துக் காட்டி, இது உங்களுக்குப் போதும்மா, சார்ஜ் போட்டா பக்திப் பாட்டு ஆறு மணி நேரம் பாடும்னான். நான் அந்தக் கண்ணாடிக் கதவு ரூமைக் காட்டி, அங்க இருக்கறதைக் கேக்கோணும்னேன். அதெல்லாம் பெரிய சிஸ்டம்மா, சாரைக் கூட்டிட்டு வாங்க, கேட்கவைக்கிறோம்னு சொல்லிட்டு, பின்னாடியே வந்த ஒரு புருசன் பொஞ்சாதியை அந்த ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனான். அந்தப் பொண்ணு போன்ல என்னமோ தேய்ச்சுட்டே போச்சு. அதுக்கு அங்க வேலையே இல்ல. புருசன் இருந்தான், கதவு தொறந்துச்சு.

ரெண்டாவது கடையிலயும் அதே கேள்வி. வயசான ஆளு, ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு. மரியாதையாக் கேட்டா மட்டும் கேள்வி மாறிருமா. சார் வரலீங்களா.

மூணாவது இந்த ரேஸ்கோர்ஸ் கடை. ஆட்டோவுல போறப்பவே நெனச்சேன், இவனும் இதைத்தான் கேப்பான். அதனால அவன் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன், சார் வெளியூர் போயிருக்காரு, போய்ப் பார்த்துட்டு வா, எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லுன்னு அனுப்பினாருன்னு. பொய்தான். ஒரு கதவைத் தொறக்கறதுக்குச் சொன்ன பொய். தொறந்துச்சு பாரு. ஏசி போட்டாங்க, டீ வந்துச்சு, டீயோட பிஸ்கட்டும் வந்துச்சு.

அங்க மேனேஜரு அற்புதராஜ்னு ஒரு தம்பி. நாப்பது வயசு இருக்கும், நாசரேத்துப் பக்கம். அந்த ரூம் இருக்கே கண்ணு, சுவரெல்லாம் துணி ஒட்டி, கீழ மெத்துனு விரிப்பு, கதவைச் சாத்தினா ரேஸ்கோர்ஸ் ரோட்டுல ஒரு வண்டி சத்தம் உள்ள வராது. மூணு பேரு உட்கார்ற சோபா ஒண்ணு. அதுல நடு சீட்டுதான் முக்கியம்னான். ரெண்டு பெட்டிக்கும் சமதூரம், அங்க உட்கார்ந்தாத்தான் பாடறவங்க நேரா முன்னாடி நின்னு பாடற மாதிரி இருக்கும். நீங்க நடுவுல உட்காருங்கம்மான்னான். நான் சொன்னேன், நடுவுல சார் உட்காருவாரு, நான் எப்பவும் பக்கத்துலதான், அதனால பக்கத்துல எப்படிக் கேக்குதுன்னு பார்க்கறேன்னு. அவனுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எத்தனையோ கஸ்டமர் வர்றாங்க, இப்படி யோசிச்சவங்களைப் பார்த்ததில்லைம்மான்னான்.

பொறகு கேட்டான், சாருக்கு என்ன பாட்டும்மா பிடிக்கும்? அதைப் போட்டுக் கேட்டாத்தான் சரியாத் தெரியும்.

எனக்குத் தெரியல. முப்பத்தெட்டு வருசம். அந்த மனுசன் குளிக்கறப்பக் கூட ஒரு வரி முணுமுணுத்ததில்ல. என்ன சொல்லுவேன்? நாதஸ்வரம்னு சொல்லிட்டேன். அது எனக்குப் பிடிச்சது. அவன் போட்டான். அம்மிணி, அந்தச் சத்தம் பெட்டியில இருந்து வரல, ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ஆரோ உட்கார்ந்து ஊதற மாதிரி இருந்துச்சு, ஊதறவன் மூச்சு இழுக்கறது கூடக் கேட்டுச்சு. பாட்டு முடிஞ்ச உடனே, வீட்டுக்குப் போயி சாருகிட்டச் சொல்றேன்னு எந்திரிச்சேன். சாரைக் கேட்டதாச் சொல்லுங்கம்மான்னு வாசல் வரைக்கும் வந்து ஆட்டோ ஏத்தி விட்டான்.

அடுத்த புதன்கிழமையும் போனேன். புதன் பதினொரு மணிக்குக் கடையில கூட்டம் இருக்காது. போன உடனே, சார் என்ன சொன்னாருங்கம்மான்னான். ஏதாவது சொல்லோணுமே. சாருக்கு அந்தத் திம்திம்னு நெஞ்சுல இடிக்கற சத்தம் ஆகாது, மெதுவா வெச்சாலும் எல்லாமே தெளிவாக் கேக்கறது எதுன்னு பாருன்னாருன்னேன். அவன் கைதட்டாத குறை. சார் விசயம் தெரிஞ்சவரும்மான்னான். எனக்கு என்னமோ பெருமையா இருந்துச்சு. பெருமைப்பட அதுல என்ன இருக்கு சொல்லு. ஆனா இருந்துச்சு.

அப்படியே போச்சு. நான் சொல்லச் சொல்ல அவனும் கேட்டுட்டே இருப்பான், கேட்டா நானும் சொல்லோணுமில்ல. சாருக்குக் காப்பியில சர்க்கரை ஆகாது. சாருக்குப் பாகற்காய்னா உசுரு. சாருக்குக் கீழ உட்கார்ந்து சாப்பிடத்தான் பிடிக்கும், முட்டி வலி வந்த பொறகு முடியல. அந்த முட்டி வலி எதுக்கு வந்துச்சுன்னா, சார் ஏன் ஒருக்கா கூட வரலைன்னு அவன் கேட்டுட்டான், அதுக்காகக் குடுத்தேன். ஒரு நாள், நீங்க வீட்டுல போயி எப்படிம்மா சாருக்கு விவரம் சொல்லுவீங்கன்னான். நான் சொன்னேன், போன உடனே ஒரு டம்ளர் தண்ணி குடுத்துட்டு, உட்காரு ருக்கு, மொதல்ல இருந்து சொல்லு, உனக்கு எது பிடிச்சிருந்துச்சுன்னு கேப்பாருன்னேன். எம்பேரு ருக்மணி. எங்க வீட்டுக்காரர் என்னை இந்தான்னுதான் கூப்பிடுவாரு. கோபம் வந்தா டீச்சர்ம்பாரு. ருக்குன்னு ஆரும் கூப்பிட்டதில்ல. அது வாயில வந்துருச்சு.

நீ தப்பா எடுத்துக்காத. நான் ஒண்ணும் புத்தி பேதலிச்சுப் போகல. செத்தவரு செத்துட்டாருன்னு எனக்கு நல்லாத் தெரியும், சர்ட்டிபிகேட் வாங்கிப் பத்து காப்பி எடுத்து வெச்சிருக்கேன். இது கடைக்காகச் சொன்னது. கடைக்காரன் மதிக்கறதுக்காகச் சொன்னது. தாலியை எடுத்துட்டாங்க, ஸ்டிக்கர் பொட்டு மட்டும் வெச்சுட்டு இருந்தேன், புதன்கிழமை மட்டும் குங்குமமாக் கொஞ்சம் பெரிசா வெச்சுக்குவேன். அதுவும் கடைக்காகத்தான். அன்னைக்கு மட்டும் நல்ல சீலையா எடுத்துக் கட்டுவேன். ஆட்டோவுல போறப்ப சார் இந்த வாரம் என்ன கேட்டாருன்னு யோசிச்சு வெச்சுக்குவேன். நடுவுல முட்டாமத் தடுக்காமச் சொல்லோணுமில்ல, வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடி பாடத்தைப் பார்த்துட்டுப் போவமே, அந்த மாதிரி.

தையில அற்புதராஜ் ஊருக்குப் போயிட்டு வந்தவன், ஒரு பாட்டிலைக் கொண்டாந்து எங்கையில குடுத்தான். முட்டி வலித் தைலம், அவங்கம்மா காய்ச்சினது, சாருக்கு ராத்திரி தேய்ச்சு விடுங்கம்மான்னான். எனக்கும் ரெண்டு முட்டியும் வலிக்கும் கண்ணு, நெசமாவே வலிக்கும். ஆனா அந்தத் தைலத்தை நான் ஒரு சொட்டு தொடல. சாருக்குன்னு குடுத்ததை நான் எப்படித் தேய்க்கறது. அடுத்த வாரம் கேட்டான், பரவாயில்லையாம்மான்னு. படி ஏற முடியுதுன்னாருன்னேன்.

நீ ஏன் வாங்கலைன்னு கேக்கறே. நீ கேப்பேன்னு எனக்குத் தெரியும். வாங்கியிருக்கலாம். பங்குனியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு எதை வாங்கோணும்னு, தேக்கு நெறத்துல மெலிசா ரெண்டு, சாருக்கும் அதுதான் பிடிச்சிருந்துச்சு. ஆனா அவசரம் என்ன. வாங்கினா வீட்டுக்கு வந்துரும். வீட்டுல வந்தா நான் தனியாக் கேக்கோணும். அப்புறம் புதன்கிழமை எங்க போறது? அவசரப்பட்டு வாங்கி அவதிப்படக் கூடாதுன்னு சார் சொன்னாருன்னு சொல்லிட்டேன்.

நல்லது பண்றேன்னு கெடுத்தது அந்தக் கடை மொதலாளிதான். சித்திரை முடியறப்ப அவரே வந்து எனக்கு முன்னாடி உட்கார்ந்துட்டு, அம்மா, ஒம்பது மாசமா உங்களை அலையவிட்டுட்டோம், சாரால வர முடியலைன்னா என்ன, நாங்க பெட்டியை வீட்டுக்கே கொண்டாந்து மாட்டி, சாரை நடுவுல உட்காரவெச்சுக் கேட்கவைக்கிறோம், பிடிச்சாக் குடுங்க, இல்லைன்னா எடுத்துட்டு வந்துர்றோம்னாரு. அப்படி ஒரு வழக்கம் இருக்காம் அந்த மாதிரிக் கடைகள்ல. எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை வரட்டுமான்னாரு.

சார் பழனிக்குப் போறாருன்னேன். அடுத்த ஞாயிறுன்னாரு. தங்கச்சி வீட்டுக் கல்யாணம்னேன். அற்புதராஜ் சொன்னான், சார் நம்பர் குடுங்கம்மா, நானே ஒரு வார்த்தை பேசிக் கேட்டுக்கறேன், எனக்கும் அவருகிட்டப் பேசோணும்னு ரொம்ப நாளா ஆசைன்னு. அந்தத் தேக்கு நெறப் பெட்டியை வேற ரெண்டு பேரு கேட்டும் குடுக்காம, சாருக்குன்னு துணி போட்டு மூடி வெச்சிருக்கானாம்.

அந்த வாரம் பூரா யோசிச்சேன். சார் வேண்டாம்னு சொல்லிட்டாரு, போங்கன்னு சொல்லிரலாம். ஆனா அப்படிச் சொன்னா அவரு எப்படிப்பட்ட மனுசனாத் தெரிவாரு? ஒம்பது மாசம் பொஞ்சாதியை அலையவிட்டுட்டுக் கடைசியில வேண்டாம்னு சொல்றவரா? அவரை அப்படிக் காட்ட எனக்கு மனசு வரல. எங்களுக்குள்ள சண்டை, பிரிஞ்சுட்டோம்னு சொல்லலாம். சண்டை போடற ஆளு இல்ல அவரு. போகாமயே இருந்துரலாம். நான் திடீர்னு நின்னுட்டா, சாருக்கு என்னமோ ஏதோன்னு அந்தத் தம்பி கவலைப்படுவான். எப்படிப் பார்த்தாலும் அவரு செத்துப்போறதுதான் அவருக்குக் கௌரவம்னு பட்டுச்சு. அதுவுமில்லாம, பொய்யும் இல்லையே. எங்க வீட்டுக்காரர் செத்தது நெசந்தானே. ஒரு வருசம் முன்னாடி சொல்லியிருக்க வேண்டியதை இப்பச் சொல்றோம், அவ்வளவுதானேன்னு நெனச்சேன்.

வைகாசியில ஒரு புதன்கிழமை, வெள்ளைச் சீலை கட்டிட்டு, பொட்டு இல்லாமப் போனேன். நான் போறப்பவே ரூம்ல நாதஸ்வரம் போட்டு வெச்சிருந்தான், எனக்காக. உள்ள போயி நின்னேன். அவன் என் மூஞ்சியைப் பார்த்தான்.

"சார் தவறிட்டாருங்க தம்பி."

அவன் ரிமோட்டைக் கையில வெச்சுட்டே நின்னான். சத்தத்தை நிறுத்தோணும்னு அவனுக்குத் தோணல. மங்கள வாத்தியம் அது பாட்டுக்கு ஓடுது. டீ கொண்டு வந்த பொம்பளைதான் ஓடிப்போயி சுவிட்சை அமுத்தினா. எப்பங்கம்மான்னான். போன புதன்கிழமை, இங்க இருந்து வீட்டுக்குப் போன பொறகு, சாயங்காலம்னேன்.

"எப்படிம்மா?"

நான் உள்ளது உள்ளபடி சொல்லோணும்னுதான் போனேன் கண்ணு. சுவத்தைப் பார்த்துப் படுத்தாரு, டீ கொண்டு போனேன், எந்திரிக்கல. மூணு வரி. அதைத்தான் பாடம் பண்ணி வெச்சிருந்தேன். வாய் வேற சொல்லிருச்சு.

"எங்கையைப் பிடிச்சுட்டு இருந்தாரு. இன்னைக்கு என்ன கேட்டே ருக்கு, மொதல்ல இருந்து சொல்லுன்னாரு. சொல்லிட்டே இருந்தேன். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள போயிட்டாரு தம்பி."

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, எங்கிருந்தோ ஒரு சத்தம் வருது, மாடு கத்தற மாதிரி. அது நான்தான். எனக்கு அந்த மாதிரி அழத் தெரியும்னே எனக்குத் தெரியாது. ரெண்டு பொம்பளைங்க பிடிச்சு என்னைச் சோபாவுல உட்காரவெச்சாங்க. நிறுத்தோணும்னு பார்க்கறேன், நிக்கல. இனி எனக்கு ஆரு தண்ணி குடுப்பாங்கன்னு சொல்லி அழுதேனாம், டீக்காரப் பொம்பளை பொறகு சொன்னா. எனக்கு ஞாபகம் இல்ல. அரை மணி நேரம் இருக்கும். அந்த ரூம்ல அழுதா வெளிய கேக்காது, அது ஒண்ணுதான் நல்லது.

அற்புதராஜும் அழுதான். சாரை ஒரு தடவை கூடப் பார்க்கலையேம்மா, ஒரு தடவை வந்து அந்த நடு சீட்ல உட்கார்ந்திருக்கலாமேம்மான்னான். மொதலாளி வந்தாரு, கையைக் கட்டிட்டு நின்னாரு. தைலம் குடுத்தோமே, வலி குறைஞ்சுதான் போனாராம்மான்னு அற்புதராஜ் கேட்டான். ஆமாங்க தம்பி, கடைசியில வலியே இல்லைன்னேன். அதைக் கேட்டு அவனுக்குக் கொஞ்சம் மனசு ஆறுச்சு.

ஜெபம் பண்ணட்டுமாம்மான்னான். பண்ணுங்கன்னேன். கண்ணை மூடினவன் திரும்பத் தொறந்து, இவ்வளவு நாள் சார் பேரைக் கேக்கவே இல்லைம்மா, என்ன பேருங்கன்னான். நான் வாயைத் தொறந்தேன். வெள்ளியங்கிரின்னு சொல்ல வரல. அது வேற ஆளு. பெரியவங்க புருசன் பேரைச் சொல்ல மாட்டீங்க, மன்னிச்சுக்கங்கம்மான்னு சொல்லிட்டு, சாரை இழந்து நிக்கற இந்த அம்மாவுக்கு ஆறுதல் தாரும் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணான். நல்லாவே பண்ணான்.

பெட்டியைப் பத்தி நானே கேட்டேன், எனக்குன்னே வாங்கிக்கறேனேன்னு. இப்ப வேண்டாம்மா, இருந்து மனசு ஆறட்டும், சார் இல்லாம அதைப் பார்த்தா உங்களுக்குத் தாங்காதுன்னுட்டான். மொதலாளி கார்லயே வீட்டுல கொண்டாந்து விட்டாங்க. கடைக்காரங்க மட்டும் மொதல்லயே, தனியா வந்தவளை, சார் வரலீங்களான்னு கேக்காம உள்ள விட்டிருந்தா, நான் அன்னைக்கே ஒண்ணை வாங்கிட்டு வந்து பேசாம இருந்திருப்பேன். இத்தனையும் நடந்திருக்குமா? அதைத்தான் சொல்றேன், எல்லாம் அந்தக் கேள்வியால வந்தது.

வந்து படுத்தவ ரெண்டு நாள் எந்திரிக்கல. இப்ப ஒண்ணும் இல்ல. மறுபடியும் பழைய மாதிரி ஆயிட்டேன், கையைக் கிள்ளினாலும் ஆருக்கோ வலிக்கற மாதிரி இருக்கு.

பிரபா நேத்து போன் பண்ணா. வியாழக்கிழமை படையலுக்கு என்னென்ன செய்யறதுன்னு எழுதி வெச்சதை வாசிச்சா. கச்சாயம், பச்சைப்பயறு, அரிசிம்பருப்புச் சோறு. வேற அப்பாவுக்கு என்னம்மா பிடிக்கும், நெனவுபடுத்திச் சொல்லுன்னா. நானும் ரொம்ப நேரம் யோசிச்சேன். போட்டதைச் சாப்பிடுவாரு. நல்லாருக்குன்னும் சொன்னதில்ல, நல்லா இல்லைன்னும் சொன்னதில்ல. அதே போதும் கண்ணுன்னு சொல்லிட்டேன். போனை வெக்கறதுக்கு முன்னாடி, "அம்மா, இந்தத் தடவையாவது அத்தைங்க முன்னாடி அப்பாவை நெனச்சு ஒரு சொட்டு விடும்மா. எனக்காக"ன்னா. அவ குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. விடறேன்னு சொன்னேன்.

விட்டுருவேன். இப்ப வழி தெரிஞ்சுபோச்சே. படத்துக்கு முன்னாடி நின்னு கண்ணை மூடிட்டு, மத்தவரை, அந்தக் கடைக்குச் சொன்ன சாரை, நெனச்சுட்டா போதும், தானா வந்துரும். நேத்து வீட்டுல ஒருக்கா பண்ணிப் பார்த்தேன், வருது. பிரபா ஓடி வந்து என்னைக் கட்டிக்குவா. அவ அப்பனுக்காகன்னு நெனச்சுக்குவா. நெனச்சுக்கட்டும். எனக்கு எம்மக திரும்ப அரை மணி நேரம் பேசினாப் போதும்.

கெணத்துக்கடவு வந்துருச்சா? இன்னும் நேரம் இருக்கு.

போன வியாழக்கிழமை அவருக்குப் பதினாறாவது நாளு. மத்தவருக்கு. வேற ஆரு செய்வாங்க, அதனால நானே வீட்டுல கதவைச் சாத்திட்டு ஒரு இலை போட்டேன். பாகற்காய் வறுத்து, சர்க்கரை போடாமக் காப்பி கலந்து, எல்லாம் கீழதான் வெச்சேன். காலைல ஆறு மணிக்கு அடுப்பைப் பத்த வெச்சவ பத்து மணிக்கெல்லாம் முடிச்சுட்டேன் கண்ணு. என்ன செய்யறதுன்னு எனக்கு ஒரு நிமிசம் கூட யோசிக்க வேண்டி வரல.